ஜாவா இன்டர்வியூ: இரண்டாவது கேள்விக்குத் தயாரா?

ஜாவா இன்டர்வியூவில் என்ன கேட்பார்கள் என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஹேஷ்மேப் எப்படி வேலை செய்கிறது, ஸ்ட்ரிங் ஏன் மாறாது, ஈக்வல்ஸுக்கும் இரட்டைச் சமக்குறிக்கும் என்ன வித்தியாசம், உங்கள் ப்ராஜெக்ட்டில் நீங்கள் என்ன செய்தீர்கள். சிறுசேரியில் கேட்டாலும் கோவையில் கேட்டாலும் இதே பல்லவிதான். பத்து வருடத்துக்கு முன்பும் இதைத்தான் கேட்டார்கள். அப்படியிருந்தும் முந்நூறு கேள்வி-பதில் அடங்கிய பிடிஎஃப்பை உருப்போட்டுக்கொண்டு போகிறவர்கள் பாதியில் மாட்டிக்கொள்கிறார்கள். எதிரே இருப்பவருக்கும் அந்தப் பிடிஎஃப் மனப்பாடம் என்பதுதான் காரணம். முதல் கேள்வியை அவர் கேட்பது பேச்சைத் தொடங்குவதற்காக. மார்க் விழுவது, “ஏன் அப்படி?” என்று பின்னாலேயே வரும் கேள்விக்கு.

ஒரு டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள். ஒரே ஒரு கேள்வியை எடுத்து அடிவரை போய்ப் பார்ப்போம். மற்றவற்றை எப்படிப் படிப்பது என்பது அதிலேயே பிடிபட்டுவிடும்.

“ஹேஷ்மேப் உள்ளே எப்படி வேலை செய்கிறது?” எல்லோரும் சொல்லும் பதில்: கீயின் ஹேஷ்கோடைக் கணக்கிட்டு, எந்த பக்கெட் என்று பார்த்து, அங்கே வேல்யூவை வைக்கும். தப்பில்லை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் தட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். பின்கோடைப் பார்த்தால் எந்தத் தட்டு என்று தெரியும். தட்டுக்குள் கைவிட்ட பிறகு பெயரையும் கதவு எண்ணையும் படித்தால்தான் உரிய கடிதம் கிடைக்கும். ஹேஷ்கோடு முதல் வேலையைச் செய்கிறது, ஈக்வல்ஸ் இரண்டாவதை.

இனிமேல்தான் விஷயம். “ஆரம்பத்தில் எத்தனை பக்கெட்?” 16. “எப்போது பெருகும்?” லோட் ஃபேக்டர் 0.75, பதினாறில் முக்கால் 12. பதின்மூன்றாவது ஆள் உள்ளே வரும்போது அட்டவணை 32 ஆகும். “ஏன் எப்போதும் இரண்டின் அடுக்காகவே இருக்கிறது?” இங்கேதான் பலர் மேலே பார்க்கத் தொடங்குவார்கள். வகுத்து மீதி எடுப்பதைவிட, கடைசிச் சில பிட்டுகளை மட்டும் வெட்டி எடுப்பது கம்ப்யூட்டருக்குச் சுலபம். அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் இரண்டும் ஒரே விடையைத் தரும். பதினாறு பக்கெட் என்றால் ஹேஷ்கோடின் கடைசி 4 பிட் மட்டுமே வேலை செய்கிறது. அப்படியானால் மேலே இருக்கும் பிட்டுகள் வீணாகுமே? அதற்காகத்தான் ஹேஷ்மேப், மேல் 16 பிட்டைக் கீழே தள்ளிக் கீழ்ப் பாதியோடு எக்ஸார் செய்து கலந்துவிடுகிறது. ஒரு பதில் அடுத்த கேள்வியைத் தானாக இழுத்துக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா? இன்டர்வியூ எடுப்பவர் கேட்பதற்கு முன்பே நீங்களே அந்த அடுத்த கேள்வியை எழுப்பிப் பதிலும் சொன்னால், அவர் நாற்காலியில் சற்று முன்னால் நகர்ந்து உட்காருவார்.

அடுத்தது என் சொந்த விருப்பம், இன்டர்வியூ எடுக்கும்போது நான் விடாமல் கேட்பது: “இரண்டு வேறு ஸ்ட்ரிங்குக்கு ஒரே ஹேஷ்கோடு வருமா? ஓர் உதாரணம் சொல்லுங்கள்.” வரும் என்று எல்லோரும் சொல்வார்கள், உதாரணம் வராது. ஆனால் பேப்பரில் அரை நிமிட வேலை. இரண்டெழுத்து ஸ்ட்ரிங்குக்கு முதல் எழுத்தின் எண்ணை 31-ஆல் பெருக்கி, இரண்டாவது எழுத்தின் எண்ணைக் கூட்டினால் ஹேஷ்கோடு. ஆங்கிலத்தின் பெரிய ஏ 65, சிறிய ஏ 97. பெரிய ஏ, பக்கத்தில் சிறிய ஏ: 65 × 31 + 97 = 2112. இப்போது இரண்டு பெரிய பி. பெரிய பி 66. 66 × 31 + 66 = 2112. ஒரே எண்! 2112-ஐ 16-ஆல் வகுத்தால் மீதி பூஜ்யம். ஆக இரண்டும் பூஜ்யமாவது பக்கெட்டில் போய் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும்.

இதில் ஒரு விபரீதமும் இருக்கிறது. இந்த இரண்டு ஜோடிகளையும் மாற்றி மாற்றி அடுக்கினால் நான்கெழுத்தில் நான்கு ஸ்ட்ரிங், எல்லாவற்றுக்கும் ஒரே ஹேஷ்கோடு. பத்து ஜோடி அடுக்கினால் 1024 ஸ்ட்ரிங். இப்படித் தயாரித்த ஆயிரக்கணக்கான பெயர்களை ஒரு வெப்சைட்டின் ஃபார்மில் அனுப்பினால் எல்லாம் ஒரே பக்கெட்டில் குவிந்து சர்வர் திணறும். 2011 டிசம்பரில் பெர்லினில் நடந்த ஹேக்கர் மாநாட்டில் இதைச் செய்தே காட்டினார்கள். ஜாவா மட்டுமல்ல, பிஎச்பி உள்ளிட்ட பல மொழிகளும் அதில் சிக்கின. 2014 மார்ச்சில் வந்த ஜாவா 8-இல் ஹேஷ்மேப் மாறியது. ஒரு பக்கெட்டில் 8 பேரைத் தாண்டினால், மொத்த அட்டவணையும் 64-க்குக் குறையாமல் இருந்தால், அந்தச் சங்கிலி ரெட்-பிளாக் மரமாக மாறிவிடும். ஆயிரம் ஸ்ட்ரிங் ஒரே பக்கெட்டில் இருந்தாலும் தேடல் இருபது படிக்குள் முடியும்.

“ஏன் 8? ஏன் 6 இல்லை, 10 இல்லை?” இதற்குப் பதில் எந்தப் பிடிஎஃப்பிலும் தேட வேண்டாம். ஹேஷ்மேப் சோர்ஸ் கோடிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹேஷ்கோடு ஒழுங்காகப் பரவியிருந்தால் ஒரு பக்கெட்டில் 8 பேர் சேரும் வாய்ப்பு 0.00000006 என்று அங்கே ஒரு சின்ன அட்டவணையே இருக்கிறது. கோடிக்கு ஒன்றுகூட இல்லை. அப்படி நடந்தால் யாரோ ஹேஷ்கோடை மோசமாக எழுதியிருக்கிறார்கள், அல்லது யாரோ தாக்குகிறார்கள். இன்டெல்லிஜே ஐடியாவில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கிளாஸ் பெயரைக் கிளிக் செய்தால் அந்த ஃபைல் திறக்கும். நூற்றுக்கு ஒருவர்கூடத் திறந்து பார்ப்பதில்லை என்பது என் சந்தேகம். திறந்து பார்த்தவர் பேசும்போதே தெரிந்துவிடும்.

இதே ஹேஷ்மேப்பில் இன்னொரு பொறி: “எம்ப்ளாயி என்று ஒரு கிளாஸ் எழுதி ஈக்வல்ஸை மட்டும் எழுதினேன், ஹேஷ்கோடை எழுதவில்லை. என்ன ஆகும்?” ஒரே ஐடி கொண்ட இரண்டு எம்ப்ளாயிகளை உருவாக்குங்கள். ஒன்றை ஹேஷ்செட்டில் போட்டுவிட்டு மற்றொன்றை வைத்து “இருக்கிறதா” என்று கேட்டால், இல்லை என்று சொல்லும். ஈக்வல்ஸ் சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைக் கூப்பிடும் நிலைமையே வரவில்லை. ஹேஷ்கோடு வேறாக இருப்பதால் தேடல் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. சரி, இரண்டையும் எழுதிவிட்டேன். உள்ளே போட்ட பிறகு அந்த எம்ப்ளாயியின் ஐடியை மாற்றினால்? ஆள் உள்ளேயேதான் இருப்பார், தேடினால் கிடைக்க மாட்டார். லூப் போட்டு எண்ணினால் வருவார், “இருக்கிறதா” என்று கேட்டால் இல்லை என்று வரும். ஸ்ட்ரிங் ஏன் மாறாத பொருளாக வடிவமைக்கப்பட்டது என்ற கேள்விக்கு நல்ல பதில்களில் ஒன்று இங்கேயே கிடைத்துவிட்டது. கீயாகப் பயன்படும் பொருள் மாறக் கூடாது.

ஸ்ட்ரிங் என்றதும் மறக்க முடியாத ஒன்று. “சென்னை” என்ற ஸ்ட்ரிங்கின் நீளம் ஜாவாவில் எவ்வளவு? நாம் எண்ணினால் மூன்றெழுத்து. ஜாவா 6 என்று சொல்லும். ச, ஒற்றைக்கொம்பு, ன, புள்ளி, ன, ஐகாரக் குறி என்று யூனிகோடில் தனித்தனி இடம். தமிழ்ப் பெயர்களைத் திருப்பிப் போடும் புரோகிராம் எழுதிப் பாருங்கள். குறிகள் எழுத்தைவிட்டுக் கழன்று வேறெங்கோ ஒட்டிக்கொள்ளும். இதை யாரும் கேட்கப் போவதில்லைதான். ஆனால் “ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போடுங்கள்” என்ற ஓட்டைக் கேள்விக்கு, “ஆங்கிலத்துக்கு இது போதும், தமிழுக்குப் போதாது, ஏனென்றால்...” என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் மற்றவர்களிடமிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

இரட்டைச் சமக்குறியைப் பற்றி நீட்ட வேண்டாம். அது இரண்டும் ஒரே பொருளா என்று பார்க்கிறது, ஈக்வல்ஸ் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. அடுத்து வரும் கேள்விக்குத் தயாராக இருந்தால் போதும்: இரண்டு இன்டிஜர் பொருள்களில் 127-ஐ நேரடியாக வைத்து இரட்டைச் சமக்குறியால் ஒப்பிட்டால் உண்மை, 128-ஐ வைத்தால் பொய். மைனஸ் 128 முதல் 127 வரையிலான எண்களை ஜாவா முன்கூட்டியே செய்து வைத்துக்கொண்டு அதையே எடுத்துக் கொடுக்கிறது. டெஸ்டிங்கில் சின்ன எண்களோடு சரியாக ஓடிய கோடு, புரொடக்‌ஷனில் ஆர்டர் நம்பர் 127-ஐத் தாண்டியதும் உதைக்கும். இப்படி நடக்கக்கூடிய சம்பவமாகச் சொன்னால் விதியாகச் சொல்வதைவிட நன்றாக நிற்கும்.

பைனரி சர்ச் எழுதச் சொல்வார்கள். இடது, வலது, நடு என்று எல்லோரும் எழுதிவிடுவார்கள். நடுவைக் கண்டுபிடிக்க இரண்டையும் கூட்டி இரண்டால் வகுப்பார்கள். இதில் என்ன பிழை என்று கேட்டால்? ஜாவாவின் கலெக்‌ஷன்ஸை வடிவமைத்த ஜோஷுவா பிளாக் 2006-இல் எழுதிய ஒரு சிறு கட்டுரை இதைப் பற்றித்தான். இன்ட் தாங்கும் உச்ச எண் சுமார் 214 கோடி. கூட்டுத்தொகை அதைத் தாண்டினால் நெகட்டிவாகப் புரண்டுவிடும். ஜாவாவின் சொந்த லைப்ரரியில் அவரே எழுதிய பைனரி சர்ச்சில் இந்தப் பிழை சுமார் ஒன்பது ஆண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்தது. வலதிலிருந்து இடதைக் கழித்து, பாதியாக்கி, இடதோடு கூட்டினால் சிக்கல் தீர்ந்தது. பெரிய ஆட்கள் எழுதிய கோடிலும் பிழை இருக்கும் என்பதால், உங்கள் கோடில் ஒரு பிழையை அவர் காட்டினால் முகம் சுண்ட வேண்டியதில்லை. “ஆமாம், சரிதான்” என்று சொல்லிவிட்டு அங்கேயே திருத்துங்கள். அதைப் பார்க்கத்தான் பல சமயம் காட்டுகிறார்கள்.

த்ரெட் பகுதிக்குப் பலர் பயப்படுகிறார்கள். ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்த்தால் பயம் பாதி போய்விடும். ஒரு எண்ணை இரண்டு த்ரெட் தலா ஒரு லட்சம் முறை ஒன்றுகூட்டட்டும். இரண்டு லட்சம் வர வேண்டும். வராது, ஓட்டும்போதெல்லாம் வேறு வேறு விடை வரும். ஒன்றுகூட்டுவது என்பது படிப்பது, கூட்டுவது, திரும்ப எழுதுவது என்ற மூன்று வேலை. நடுவில் இன்னொருவர் நுழைந்துவிடுகிறார். இப்போது வாலட்டைல் சேர்த்து ஓட்டுங்கள். அப்போதும் வராது, வாலட்டைல் புதிய மதிப்பை எல்லோர் கண்ணுக்கும் காட்டுமே தவிர மூன்று வேலையை ஒன்றாக்காது. சின்க்ரனைஸ்டோ அட்டாமிக் இன்டிஜரோ போட்டால் சரியாகும். இந்த மூன்று ஓட்டத்தையும் கையால் செய்து பார்த்தவருக்கு அந்த மூன்று சொல்லின் விளக்கமும் மனப்பாடம் இல்லாமலே வரும்.

பழைய நோட்டுகளிடம் ஜாக்கிரதையாக இருங்கள். ஃபைனல், ஃபைனலி, ஃபைனலைஸ் வித்தியாசம் இன்றும் சில பயிற்சி மையங்களில் முதல் பக்கத்தில் இருக்கிறது. ஃபைனலைஸை 2017-இல் வந்த ஜாவா 9-இலேயே ஒதுக்கிவிட்டார்கள். பெர்ம்ஜென் பற்றி விலாவாரியாக எழுதியிருக்கும். அது ஜாவா 8-இல் போய் மெட்டாஸ்பேஸ் வந்தாயிற்று. இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு வருகிறது. எல்லாவற்றையும் துரத்த வேண்டாம். நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்புகள் 8, 11, 17, 21, 25. எட்டில் லேம்டாவும் ஸ்ட்ரீமும் தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். பதினேழில் ரெக்கார்டு, சீல்டு கிளாஸ் தெரிந்தால் போதும். இருபத்தொன்றின் விர்ச்சுவல் த்ரெட் ஏன் வந்தது என்று நான்கு வாக்கியம் பேசத் தெரிந்தால் நீங்கள் தூங்கவில்லை என்று புரிந்துகொள்வார்கள்.

ஃப்ரெஷருக்கு இதுவரை சொன்னது பெரும்பாலும் போதும். இரண்டு மூன்று வருட அனுபவம் என்று ரெஸ்யூமில் போட்டவருக்கு ஸ்பிரிங் பூட்டும் டேட்டாபேஸும் கூடவே வரும். அங்கேயும் இரண்டாவது கேள்விதான். “டிரான்சாக்‌ஷனல் போட்டிருக்கிறீர்கள். உள்ளே செக்டு எக்ஸப்ஷன் வந்தால் ரோல்பேக் ஆகுமா?” எதையும் மாற்றிச் சொல்லாவிட்டால் ஆகாது, ரன்டைம் எக்ஸப்ஷனுக்கும் எரருக்கும்தான் ஆகும். “ஒரே கிளாஸுக்குள் ஒரு மெத்தட் இன்னொரு டிரான்சாக்‌ஷனல் மெத்தடைக் கூப்பிட்டால்?” ஸ்பிரிங் வெளியே ஒரு ப்ராக்ஸியை நிறுத்தி வேலை செய்கிறது, வீட்டுக்குள்ளேயே கூப்பிட்டால் அதற்குத் தெரியாது.

ரெஸ்யூமைப் பற்றி ஒரே வார்த்தை. அதில் இருக்கும் ஒவ்வொரு சொல்லும் “என்னைக் கேள்” என்று நீங்களே கொடுக்கும் அழைப்பு. காஃப்கா, டாக்கர், மைக்ரோசர்வீசஸ் என்று தோரணம் கட்டிவிட்டு, “எத்தனை பார்ட்டிஷன் வைத்தீர்கள், ஏன்?” என்றதும் விழிப்பதைவிட அந்தச் சொல்லை எடுத்துவிடுவது மேல். ப்ராஜெக்ட்டில் நீங்கள் செய்தது ஒரு சின்ன ரிப்போர்ட் ஸ்கிரீன்தானா? அதையே சொல்லுங்கள். எவ்வளவு ரெக்கார்டு, ஏன் மெதுவாக இருந்தது, எந்த நெடுவரிசையில் இண்டெக்ஸ் போட்டீர்கள், அதன் பிறகு என்ன ஆனது. “நாங்கள் செய்தோம்” என்பதில் “நான்” எங்கே என்று அவர் தேடிக்கொண்டே இருப்பார்.

ஸ்கிரீன் ஷேரில் கோடு எழுதச் சொன்னதும் கீபோர்டில் பாய வேண்டாம். “ஒரு ஸ்ட்ரிங்கில் திரும்ப வராத முதல் எழுத்தைக் கண்டுபிடி” என்றால், முதலில் கேளுங்கள்: காலியாக இருக்கலாமா, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா, எல்லாமே திரும்ப வந்தால் எதைத் தர வேண்டும். பிறகு எழுதுங்கள். வந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளும் லிங்க்டு ஹேஷ்மேப்பில் எண்ணிக்கையைப் போட்டு, ஒன்று என்று இருக்கும் முதல் கீயை எடுத்தால் முடிந்தது. “இரண்டாவது பெரிய சம்பளம்” கேள்வியும் அப்படித்தான். இருவருக்கு ஒரே உச்ச சம்பளம் இருந்தால் என்ன, மொத்தமே ஒருவர்தான் இருந்தால் என்ன என்று கேட்டுவிட்டு டிஸ்டிங்ட், இறங்கு வரிசை, ஒன்றைத் தாண்டு, முதலாவதை எடு என்று ஸ்ட்ரீமில் எழுதுங்கள். எழுதும்போது வாய் பேசிக்கொண்டே இருக்கட்டும். பேசாமல் எழுதினால் சரியான விடை வந்தாலும் நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது.

ஆங்கிலம்தான் தடை என்று நினைப்பவர்கள் தமிழ் மீடியத்தில் படித்து வந்தவர்களில் ஏராளம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதலில் தமிழிலேயே யாருக்காவது விளக்கிப் பாருங்கள், தங்கைக்கோ அறைத் தோழனுக்கோ. தமிழில் தடுமாறினால் விஷயமே இன்னும் பிடிபடவில்லை என்று அர்த்தம். ஆங்கிலத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழில் தெளிவாக வந்துவிட்டால் சின்னச் சின்ன ஆங்கில வாக்கியங்களாக்கி, செல்போனில் பதிந்து கேளுங்கள். இலக்கணம் கொஞ்சம் பிசகினால் யாரும் வேலை கொடுக்காமல் போவதில்லை. காதில் ஒருவர் சொல்லச் சொல்லப் பதில் சொல்வதும், பக்கத்து விண்டோவில் ஏஐயைப் பார்த்துப் படிப்பதும்தான் வேலையைக் கைநழுவ வைக்கும். கண் ஓடும் திசை வீடியோவில் பளிச்சென்று தெரியும், அதைப் பார்ப்பதற்கென்றே இப்போது ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு “ஏன்” சேர்த்துக் கேட்கிறார்கள். தெரியாததற்குத் தெரியாது என்று சொல்லிவிட்டு, “யோசித்துப் பார்த்தால் இப்படி இருக்கலாம்” என்று ஒரு படி எடுத்து வையுங்கள். அது கௌரவமான பதில்.

தேர்வானதும் ஆஃபர் லெட்டரை முழுதாகப் படியுங்கள். சிடிசி என்று போட்டிருக்கும் தொகை மாதாமாதம் கைக்கு வருவது அல்ல. பிஎஃப், கிராஜுவிட்டி, வருடக் கடைசியில் வந்தாலும் வரலாம் என்கிற போனஸ் எல்லாம் அதில் அடங்கும். நோட்டீஸ் பீரியட் 90 நாளா, சர்வீஸ் அக்ரிமென்ட் எத்தனை வருடம், நடுவில் விலகினால் எவ்வளவு கட்டச் சொல்கிறார்கள் என்பதைக் கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். வேலைக்காக லேப்டாப் டெபாசிட், டிரெய்னிங் கட்டணம், செக்யூரிட்டி பணம் என்று யார் எந்தப் பெயரில் கேட்டாலும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள்.